ஒரு ‘சித்தமானால்’

ஜெபம் செய்யச் சொல்லிச் சின்னவள்தான் கேட்டாள். அதுவும் நடுத்தெருவில், ஒலிபெருக்கி கட்டிய தன் பள்ளி வேனுக்கு முன்னால், சபையார் பாதியும் தெருக்காரர்கள் மீதியுமாக நின்ற கூட்டத்தில். “அக்கா ஜெபிச்சாதான் வண்டிய எடுப்பேன்” என்று மைக்கை நீட்டிவிட்டாள். பெரியவளால் மறுக்க முடியாது. ஒரே வீட்டின் இரண்டு மருமகள்களில் மூத்தவள் அவள். சபையில் அவளுக்கு ஜெபக்காரம்மா என்றே பெயர். உடம்பு முடியாதவர்களும் பரீட்சை எழுதுகிறவர்களும் அவள் வாய் திறந்து ஜெபித்தால்தான் திருப்திப்படுவார்கள். கண்ணை மூடினாள். தயவும் கிருபையும் எப்போதும்போல் தடங்கலில்லாமல் வந்தன. “இந்த வார்டு தேர்தலில் உம்முடைய மகளுக்கு ஜெயம் தாரும்” என்று முடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு ஒரு நொடி நின்றது. பிறகு, “உமக்குச் சித்தமானால்” என்று சேர்த்துக்கொண்டாள். ஆமென் சொல்ல வாயெடுத்திருந்த கூட்டம் ஒரு கணம் தடுமாறி, அப்புறம் சொன்னது.

அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“நம்ம பையனுக்கு வேலை கேட்டு ஜெபிச்சியே, அப்ப இந்தச் ‘சித்தமானால்’ எங்க போயிருந்துச்சு? அன்னைக்கு ஆண்டவர் கழுத்துல துண்டைப் போட்டு இழுக்காத குறைதான்.”

“வேதத்துல இருக்கிற வார்த்தைதானே. அதுல என்ன தப்பு?”

“வார்த்தையில தப்பில்ல. நீ வச்ச இடம்தான் தப்பு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். போகிற போக்கில் சீட்டி வேறு.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தாலும் அது பொறாமைதான் என்று பெரியவளுக்கே தெரியும். எல்லாம் அந்தச் சாக்கடையில் ஆரம்பித்தது. தெருமுனையில் அடைத்துக்கொண்டு, வீட்டு வாசல்வரை வந்து நாறிய சாக்கடை. அதற்காகப் பெண்கள் கூடுகையில் வாரம் தவறாமல் ஜெபித்தவள் பெரியவள். சின்னவளோ ஒருநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை நேராக நகராட்சி அலுவலக வாசலுக்கு ஓட்டிப்போய்க் குறுக்கே நிறுத்தி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே ஆட்கள் வந்து அடைப்பை எடுத்தார்கள். ஜெபித்தது இவள், பெயர் வாங்கியது அவள். “ஜெபக்காரம்மா, உங்க ஜெபம் கேட்கப்பட்டது” என்று சொல்ல ஒரு நாதியில்லை. “வேன்காரம்மா கில்லாடி” என்றார்கள். வார்டில் பல வருடமாக உறுப்பினராக இருப்பவர் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, நல்லதும் செய்ததில்லை. அவரை எதிர்த்து நில் என்று சின்னவளைப் பிடித்துத் தள்ளினார்கள். இப்போது பெரியவள் துணி தைத்துக் கொடுக்கும் முன்னறைச் சுவரின் வெளிப்பக்கம் முழுக்கத் தேர்தல் சுவரொட்டி, அதில் சின்னவளின் முகம்தான். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட, “தங்கச்சி எப்படி, ஜெயிச்சிருவாங்களா?” என்றுதான் அளவு சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய் நின்றாள். அவர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, யார் ஜெயிக்கணும்னு கர்த்தர் முன்னாடியே தீர்மானிச்சிருப்பாருல்ல? அப்ப நான் ஓட்டுப் போடப் போகலைன்னா என்ன ஆகிடப்போகுது?”

“அவர் உங்களுக்குக் கைய கொடுத்ததும் முன்னாடியே தீர்மானிச்சுதாம்மா.”

“அப்ப யாருக்குப் போடணும்னாவது சொல்லுங்க.”

“அதை நான் சொல்லமாட்டேன். தேர்ந்தெடுக்கிற உரிமைய அவர் உங்ககிட்ட கொடுத்திருக்காரு. அதை எடுத்துட்டு வந்து என் தலையில கட்டாதீங்க.”

குடும்பத்துக்குள் போட்டி வேண்டாம், வீட்டிலேயே இருந்து ஜெபியுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்; நிம்மதியாகப் படுத்திருப்பாள். இந்தக் காலத்துப் போதகர்கள் எல்லாம் வழவழா கொழகொழா என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியம் சின்னவள் ஒரு சட்டையோடு வந்து நின்றாள். மறுநாள் போட வேண்டியதாம். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. தெருத்தெருவாக அலைந்ததில் இளைத்துவிட்டிருந்தாள். இளைப்பதுகூட இவளுக்கு அழகாகத்தான் வருகிறது என்று பெரியவள் நினைத்தாள். சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்த அறையில் எத்தனையோ பேருக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் முழங்கால் வலித்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்.”

“ம்.”

“எனக்காக நிறையப் பேர் ஜெபிச்சாங்க. ஆனா எல்லாரும் ஆண்டவருக்கு உத்தரவு போட்ட மாதிரிதான். ஜெயிக்க வச்சே ஆகணும், எதிராளி வெட்கப்பட்டுப் போகணும்னு. கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் வந்துச்சு. தோத்துட்டா அவர் பேரையும் சேர்த்துக் கெடுத்துருவேனோன்னு. நீங்க ஒருத்தர்தான் ‘உமக்குச் சித்தமானால்’னு சொன்னீங்க. அன்னைக்குத்தான் நான் தூங்குனேன்.”

பெரியவளின் வாய் முழுக்க ஊசி. எடுக்காமல் பேச முடியாது என்பது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

“சாக்கடை விஷயத்துலயும் நீங்க ஜெபிச்சுட்டு இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் வேனைக் கொண்டுபோய் நிறுத்துனேன். நான் என்ன பெரிய வீராங்கனையா?”

இதை மைக்கில் சொல்லியிருந்தால் என்ன, குறைந்தா போயிருப்பாள்? முதலில் அதுதான் தோன்றியது. அடுத்து வந்தது கோபம். கூட்டத்துக்கு நடுவே சின்னவளை ஒரு படி இறக்க வேண்டும் என்று வைத்த வார்த்தை அது. கணவர் கண்டுபிடித்துவிட்டார், ஒரு கணம் கூட்டமே கண்டுபிடித்துவிட்டது. சின்னவள் மட்டும் அதை ஆசீர்வாதம் என்று எடுத்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். ஒரு மனுஷி தனக்கென்று ஒரு வன்மத்தைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாதா? அதையும் நல்லதாக்கிப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டுமா? ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தாள்.

“மூச்சை இழுத்துப் பிடிக்காத. அளவு தப்பாகிடும்” என்றாள்.

மறுநாள் வரிசை பள்ளிக்கூட வராந்தாவைத் தாண்டி நின்றது. எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். வேட்பாளரின் அக்காவாம். அந்த மரியாதையும் சேர்ந்து எரிந்தது. தாளை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனதும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினாள். “ஆண்டவரே, நீரே” என்று தொடங்கியவளுக்கு அதற்குமேல் ஓடவில்லை. இங்கே கேட்கிற காதும் இல்லை, ஆமென் சொல்கிற வாயும் இல்லை. கண்ணைத் திறந்தபோது தாள் வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. சின்னவள் தோற்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் வேன் ஓட்டுவாள், இவள் ஜெபிப்பாள், சுவரில் முகம் இருக்காது. ஜெயித்தால் இனி வாழ்நாள் முழுக்க இவள் வேன்காரம்மாவின் அக்கா.

“முடிஞ்சுதாம்மா?” என்று வெளியிலிருந்து அலுவலர் குரல் கொடுத்தார்.

“இருங்க.”

ஓட்டுக் குத்தும் முத்திரைக் கட்டையை மேசையின் மேல் விளிம்பில் ஆணியடித்து நூலால் கட்டியிருந்தார்கள். முதலில் இருந்தது பழைய உறுப்பினரின் பெயர். முத்திரை அதுவரை தாராளமாக வந்தது. சின்னவளின் பெயர் கடைசியில் இருந்தது. முத்திரையைக் கீழே கொண்டுவந்தாள். நூல் விறைத்து நின்றுவிட்டது. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. இடது உள்ளங்கையைத் தாளின் மேல் பரப்பி வைத்து, சின்னவளின் பெயர் முத்திரைக்கு எட்டுகிற இடம்வரை தாளை மெல்ல மேலே தள்ளினாள்.