துணியில் வெட்டிய எழுத்து

“ரெண்டாங் கிளாஸ்ல எல்லாரும் வாக்கியம் படிக்கறாங்க. ஆஷாவுக்கு ப, ம, ய மூணும் இன்னும் ஒண்ணாவே தெரியுதுங்க. ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வெக்கலாம்னு இருக்கேனுங்க,” என்றார் சுப்புலட்சுமி டீச்சர்.

ஆஷாவின் அம்மா நாகஜோதியின் முகம் சுண்டிப்போனது. “ஒரு மாசம் பொறுங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. உசிலம்பட்டியிலிருந்து நல்லூருக்கு வந்து எட்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையோ கறையோ தப்பவிடமாட்டாள். பிள்ளை விஷயத்தில் அந்தக் கண் உதவவில்லை. நோட்டில் நூறு முறை எழுத வைத்தாள். ஆஷா அழுதுகொண்டே எழுதி முடித்துவிட்டு, மறுபடியும் ம-வைப் ப என்றாள். தட்டில் உப்பைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னாள். அன்றைக்கு வந்தது, மறுநாள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கையில், ஆஷா கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தடவினாள். “இது அப்பா பனியன், இது உன் நைட்டி.” ஒன்றுகூடத் தப்பவில்லை. நாகஜோதி மடிப்பதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள்.

மறுநாள் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வெட்டுத்துண்டுகள் வாங்கி வந்தாள். சொரசொரப்பான துணியில் ப வெட்டினாள். மெத்தென்றதில் ம. காலருக்கு வைக்கும் வரிவரியான துணியில் ய. மூன்றையும் அட்டையில் ஒட்டினாள்.

“தடவிக்கிட்டே சொல்லு. வாய்க்கு நேரா கையை வையி. ப-ன்னா காத்து அடிக்கும்.”

“அடிக்குதும்மா!”

“ம-ன்னா மூக்கு அதிரும். தொட்டுப் பாரு. ய-வுக்கு உதடே ஒட்டாது.”

“இதென்னடி கூத்து?” என்றான் கணவன் பாண்டித்துரை.

“கூத்தா இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் உக்காந்து சொல்லுங்க.”

அவனும் உட்கார்ந்தான். ப-வுக்கு அவித்த பயறு தின்றார்கள். ம-வுக்கு மல்லிகையை முகர்ந்தார்கள். வேலை முடிந்து எவ்வளவு அலுப்பாக வந்தாலும் அவள் ஒருநாள்கூட விடவில்லை.

மாதம் முடிந்தது. டீச்சர் பலகையில் ‘பயம்’ என்று எழுதினார். ஆஷா உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்தாள். பிறகு மூக்கைத் தொட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“ப... ய... ம். பயம்!”

“இங்கயே இருக்கட்டுங்க,” என்றார் டீச்சர், வாசலில் நின்ற நாகஜோதியிடம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அடுத்து எந்த எழுத்துல தடுமாறுறா டீச்சர்? இன்னைக்கே வெட்டிடுறேன்.”