தங்கையின் நீலப்புள்ளி

இருப்பிடம் காட்டும் கைப்பேசிகள் மனித உறவுகளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதே அவள் ஆராயும் பொருள். தகவல் தொடர்புத் துறையில் அதைப் பற்றி அவள் பேசத் தொடங்கினால் மூத்த பேராசிரியர்களும் வாயடைத்துப் போவர். அத்தகைய ஆய்வாளரின் வயிறு, அன்று மாலை தன் வீட்டுச் சமையலறையிலேயே எரியத் தொடங்கியது.

கணவரின் அக்காவான நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரெனக் கையைத் துடைத்துக்கொண்டு போய், வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்தாள். அழைப்புமணி ஒலிக்கவில்லை, காலடி ஓசையும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஆய்வாளரின் தங்கை உள்ளே நுழைந்தாள்.

"அவ வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணி?"

"போன்லதான். தெருமுனை திரும்பினாளே. ஏன், உனக்கு வராதா?"

வராது. கூடப்பிறந்தவள் தன் இருப்பிடத்தை, அக்காளின் கல்யாணத்தால் வந்த உறவுக்குக் காட்டியிருக்கிறாள், அக்காளுக்குக் காட்டவில்லை. இருப்பிடத்தைப் பகிர்வது நெருக்கத்தின் அளவுகோல் என்று கட்டுரை எழுதியவளே இவள்தான். அந்த வாக்கியம் இப்போது முள்ளாய்க் குத்தியது.

தங்கையைத் தனியறைக்கு இழுத்துச் சென்றாள்.

"நான் என்ன உனக்கு அந்நியமா?"

"ஐயோ அக்கா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"காரணம் சொல்லுடி."

"அண்ணி பாப்பாங்க, கதவத் தொறப்பாங்க, அவ்வளவுதான். நீ பார்த்தா அதுக்கு ஒரு அத்தியாயமே எழுதுவ."

"எழுத மாட்டேன். ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தங்கை சிரித்துக்கொண்டே அனுமதி அளித்தாள்.

மறுநாள் மாலை, கூடத்தில் அமர்ந்து ஆய்வாளர் தன் கைப்பேசி வரைபடத்தில் தங்கை இருக்குமிடத்தைக் காட்டும் நீலப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை பணிபுரியும் கண் மருத்துவமனையை விட்டு அது புறப்பட்டது, பாலத்தைக் கடந்தது, பூங்காவின் ஓரம் நின்றது. நின்றது நின்றதுதான். அங்கே பேருந்து நிறுத்தமும் கிடையாது, கடையும் கிடையாது. ஒருவர் ஓரிடத்தில் தங்கும் நேரத்திற்குப் பொருளுண்டு என்பது அவள் துறையின் பாலபாடம். எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரும் தன் கைப்பேசியை ஒருமுறை பார்த்தாள். அதைச் சோபாவின்மேல் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். இவளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்ற எண்ணம் எழுந்ததுதான் தாமதம், ஆய்வாளரின் விரல் தங்கையை அழைத்துவிட்டது.

"பார்க் கிட்ட யாரோட நிக்கற?"

"ஒரு நாள்கூடத் தாங்கலையே அக்கா உனக்கு."

"அண்ணிக்கு மட்டும் தெரியலாமா?"

"அவங்களுக்கும் தெரியாது. அவங்க கேக்கவே இல்ல."

பேச்சு துண்டிக்கப்பட்டது. ஆய்வாளரின் திரையிலிருந்து புள்ளியும் மறைந்தது.

ஆய்வாளர் எழுந்துபோய் நாத்தனாரின் அருகில் ஒட்டி உட்கார்ந்தாள். மடிப்பதற்கென்று ஒரு சட்டையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண் மட்டும் சோபாவின்மேல் ஒளிர்ந்துகொண்டிருந்த நாத்தனாரின் கைப்பேசியின் பக்கம் போயிற்று. நாத்தனார் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.