சூப்பர்வைசரின் ஏழு முட்டைகள்

அழுக்குக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆபரேஷன் தியேட்டரில் கத்தியும் கத்தரியும் கழுவி, அவித்து, வரிசையாக அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. அவளுக்கு வாய்த்த புருஷனோ பைக் மெக்கானிக். கதவுப் பிடியில் இருக்கும் கிரீஸை வைத்தே மனுஷன் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அவர் ஒரு கோழிமேல் உயிரையே வைத்திருந்தார். பட்டறைக்கு வரும் வண்டியை எல்லாம் அது ஒரு சுற்று சுற்றிவந்து, டயரைக் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் நகரும். அதனால் சூப்பர்வைசர் என்று பேர். தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஒருநாள் ஒரு நாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பழைய டயருக்குள் அது இட்டு வைத்திருந்த ஏழு முட்டைதான் மிச்சம். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

"இன்குபேட்டர் இருக்குல்ல, அதுல வெச்சுடலாம்," என்றார்.

"அந்தக் கண்றாவியிலயா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. போன தடவை, "பார்க்க சுத்தமாத்தானே இருக்கு" என்று பழைய ஓட்டுத் தூளும் எச்சமும் ஒட்டியிருந்த பெட்டியிலேயே பத்து முட்டையை அடுக்கினார். அத்தனையும் கூமுட்டை. ஒன்று உள்ளேயே வெடித்து, மூன்று நாள் வீட்டுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். இதுவும் அப்படிப் போனால் சூப்பர்வைசரின் வம்சம் அத்தோடு சரி.

"இந்தத் தடவை பெட்டி என் பொறுப்பு. நீங்க பக்கத்துலயே வரக் கூடாது," என்று சொல்லிவிட்டாள்.

விசிறியையும் வயரையும் கழற்றி ஓரமாக வைத்தாள். தட்டையும் உள்ளே தெரியும் மூடியையும் சுடுதண்ணீர் சோப்பில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குடைந்தாள். பிளீச்சிங் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாள். அதோடு விட்டாளா? முட்டையையும் கழுவலாம் என்று வாளியை எடுத்தாள். நல்ல வேளை, பெட்டி விற்ற கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போன் போட்டாள்.

"ஐயோ அக்கா, கழுவிடாதீங்க!" என்று அலறினார் அவர். "ஓட்டு மேல ஒரு பூச்சு இருக்கு. அது போச்சுன்னா அழுக்கெல்லாம் உள்ள இறங்கிடும். இன்னொண்ணு, கடைசி மூணு நாள் மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் போயிடும். குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்."

முட்டையைக் கழுவாமலே பெட்டியில் அடுக்கினாள். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு முட்டையில் ஒன்றுமில்லை. அவற்றை எடுத்துவிட்டாள். மீதி ஐந்தில் சிவப்பாக நரம்பு ஓடியது.

இருபத்தோராம் நாள் அவளுக்கு லீவு. அவர் மனசில்லாமல் பட்டறைக்குப் போனார். பத்து மணிக்கு முதல் குஞ்சு வெளியே விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அது ஐந்தே நிமிடம்தான். பெட்டிக்குள் சளியும் ரத்தக் கசிவும் ஓட்டுத் துண்டும். குஞ்சு அதிலேயே புரண்டு, போதாக்குறைக்கு அங்கேயே கழித்தும் வைத்தது. அவளுக்குக் கை அரித்தது.

"ஏங்க, ஒரே ஒரு தடவை திறந்து, ஒரே ஒரு துடைப்பு..." என்று போனில் இழுத்தாள்.

"தொட்டுடாதம்மா! உன் கையை எங்கயாவது கட்டிப் போடு."

கட்டிப் போடவில்லை, வேறு வேலை கொடுத்தாள். ஜன்னல் கம்பி, விசிறி இறக்கை, சுவிட்ச் பலகை எல்லாம் பளபளத்தன. அப்புறமும் கை அடங்கவில்லை. சாயங்காலம் அவர் வந்து பார்த்தபோது, வீட்டில் வைத்திருந்த ஸ்பானர்கள் எல்லாம் வெள்ளைத் துணிமேல் சின்னதிலிருந்து பெரியது வரை ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தன.

"யாருக்கு ஆபரேஷன்?" என்று சிரித்தவர், பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நான்கு குஞ்சுகள் வந்தாயிற்று. ஐந்தாவது முட்டையில் ஒரு ஓட்டைதான் விழுந்திருந்தது. உள்ளே ஒரு அலகு அசைந்தது, நின்றது.

"எவ்வளவு நேரமா இப்படி?"

"மதியத்துலேர்ந்து."

"பாவம்மா, திணறுது. லேசா உரிச்சு விட்டுடறேன்," என்று கையை நீட்டியே விட்டார். பட்டறைக் கறுப்பு அப்படியே இருந்த கை. காலையிலிருந்து தன் கையோடு மல்லுக்கட்டியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கைமேல் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"நான் ஒரு நாள் முழுக்கப் பொறுத்துட்டேன். உங்களால ஒரு மணி நேரம் முடியாதா?"

இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அலகு மறுபடி அசைந்தது. விளக்குப் போடும் நேரத்தில் ஓடு வட்டமாகப் பிளந்து, கடைசிக் குஞ்சு குப்பைமேல் குப்புற விழுந்தது. அவர் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். நனைந்த தலையில் எதுவும் தெரியவில்லை.

காலையில் ஐந்தும் காய்ந்து பஞ்சாகி நின்றன. அவள் மூடியைத் திறந்தாள். கடைசிக் குஞ்சின் தலையில் வெள்ளையாக ஒரு பொட்டு. அவருக்குக் கண்ணீர் வந்தது. அவள் சொல்லாமலே கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் நகம் என்ன நிறம் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

குஞ்சை அள்ளி எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் இரண்டு முறை கொத்திப் பார்த்தது, அங்கேயே கழித்தது, அப்புறம் சுருண்டு படுத்தது.

அவர் பதறிப்போய்த் துணி எடுக்க ஓடினார்.

"இருங்க," என்றாள் அவள். "இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா."