மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள்

கோர்ட்டுக்குப் போகாமலே வீடியோவில் ஆஜராகலாம் என்று வக்கீலம்மா சொன்னபோது தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னே? நேரில் போனால் வாசலிலேயே லாரிக்காரன் நிற்பான். கட்டின புருஷன்தான். அவள் தோள்பட்டையை முறித்த புண்ணியவானும் அவன்தான். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் இந்தச் சின்ன ஊரில் ஒண்டியிருப்பது ஈ காக்காய்க்குத் தெரியாது. முகவரி, ஒட்டிய உறைக்குள் நீதிபதியிடம் மட்டும் இருந்தது. அதைக் கொடுங்கள் என்றுதான் அவன் வாய்தாவுக்கு வாய்தா மல்லுக்கட்டினான். இன்றைக்குத் தீர்ப்பு.

அவள் வேலை பார்க்கும் தையல்கடைக்கார அக்கா கடையின் பின்னறையைத் தயார் பண்ணியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் லைனிங் துணி தொங்கியது. போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்தாள். எதிர் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டாள்.

“போன தடவை முகம் இருட்டா இருக்குன்னு ஜட்ஜய்யா கோபிச்சுக்கிட்டார்ல? ஜன்னல் போனுக்குப் பின்னாடிதானே இருக்கு, யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. நீதிபதி, வக்கீலம்மா, எதிர்த்தரப்பு வக்கீல், கோர்ட் குமாஸ்தா. கடைசிக் கட்டத்தில் அவன். லாரிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“வண்டியில இருக்கேங்க ஐயா. பொழப்பைப் பார்க்கணுமே” என்றான். பேச்சில் அப்படி ஒரு பணிவு! வீட்டில் அந்தப் பணிவில் கால்வாசி இருந்திருந்தால் அவள் ஏன் ஓடி வரப்போகிறாள்?

தொடங்குமுன் குமாஸ்தா தொண்டையைச் செருமினார். “அம்மா, போனை எடுத்து ரூமைச் சுற்றிக் காட்டுங்க. பக்கத்துல யாரும் இருந்து சொல்லிக் கொடுக்கலேன்னு நான் பார்க்கணும்.”

அவள் திறந்த ஜன்னலைப் பார்த்தாள். “யாரும் இல்லீங்க ஐயா. ஜன்னலை மட்டும் சாத்திட்டு…”

“எழுந்திருக்காதீங்க! காட்ட மாட்டேன்னா அப்படியே எழுதிடுவேன், அப்புறம் உங்க இஷ்டம்.”

வக்கீலம்மா கையை ஆட்டி என்னவோ கத்தினார். சத்தம் வரவில்லை. மகராசி மைக்கைத் திறக்க மறந்துவிட்டார்.

தையல்காரி போனை எடுத்துச் சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“படம் கலங்குதும்மா. மெதுவா, இன்னொரு தடவை.”

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மெதுவாகச் சுற்றினாள். தையல் மெஷின், துணி அலமாரி, கதவு. பிறகு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ரயில்வே கேட், அதையொட்டிப் பச்சையும் சிவப்புமாக இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஊர் ஊராக லாரி ஓட்டுகிறவன் இந்தக் கேட்டில் எத்தனை தடவை காத்துக் கிடந்திருப்பான்! போனைத் திரும்ப டப்பாவில் சாய்த்து வைத்தாள். அவன் திரைக்கு வெகு அருகில் வந்திருந்தான்.

அவனுடைய வக்கீல் எழுந்து, “குழந்தை எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்க தகப்பனுக்கு உரிமை…” என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம் சார், விடுங்க” என்றான் அவன். “முகவரியே வேண்டாம். அவங்க கேட்டதையெல்லாம் கொடுத்துடுங்க ஐயா. எனக்குச் சம்மதம்.”

நீதிபதிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எல்லாரும் இப்படிப் பெருந்தன்மையாக நடந்தால் கோர்ட்டில் கூட்டமே இருக்காது என்று பாராட்டினார். அவன் கும்பிட்டான். அவன் கட்டம் அணைந்தது. அவன் அவள் பக்கத்தில் நெருங்கக் கூடாது என்று நீதிபதி நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பதால் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் வக்கீலம்மா கூப்பிட்டார். “ஜெயிச்சுட்டோம்மா!”

“அம்மா, அவர் ஜன்னலைப் பார்த்துட்டார்.”

“நானும் பயந்துதான் கத்தினேன். ஆனா ஊர் பேரா தெரிஞ்சது? ஒரு கேட்டு, ரெண்டு தொட்டி. எந்த ஊர்ல இல்ல?”

“அவர் லாரி ஓட்டுறவர்மா!” என்று சொல்லிப் போனை வைத்தாள். ஊரில் இருப்பதே ஒரு பள்ளிக்கூடம்தான். மகள் படிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நம்பரைப் போட்டாள்.

“டீச்சர், என் பொண்ணை யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. நான் இதோ வர்றேன்.”

“ஐயோ, பதறாதீங்க. யாரும் வரலை” என்றார் டீச்சர். “இப்பத்தான் அவங்க அப்பா போன் பண்ணார். பொண்ணு இங்கதான் படிக்குதான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன். எவ்வளவு தன்மையான மனுஷர்! எத்தனை மணிக்கு வெளியே விடுவீங்கன்னு கேட்டு, தேங்க்ஸ் கூடச் சொன்னார்.”