முன்வண்டிக்காரியின் கணினி

அலமாரிப் பட்டறையில் அவளை எல்லோரும் மில்லி என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரிந்தாலும், கழற்றி மறுபடி பூட்டச் சொல்பவள் அவள் ஒருத்திதான். காதில் செருகிய பென்சிலை வீடெல்லாம் தேடுவாள். தேநீரை நன்றாக ஆறவிட்டே குடிப்பாள். மாலையில் வீடு திரும்பியதும் தலையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, நேரே கணினியின் முன் உட்கார்ந்து லாரி ஓட்டுவாள்.

விளையாட்டு லாரிதான். மலைப்பாதையில் மூன்று லாரிகள் சரக்கேற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக உச்சியை அடையவேண்டும். எது பள்ளத்தில் சாய்ந்தாலும் மூன்றுக்கும் தோல்வி. நடுவண்டியை ஓட்டியவன் அவளுடைய தம்பி. கணினி விற்கும் கடையொன்றில் வேலை பார்ப்பவன். கடைசி வண்டி அவளுடைய நாத்தனாருடையது. அவள் வேறோர் ஊரில் இருந்தாள். எனினும் ஹெட்போன் வழியே அவள் பேச்சு அறை முழுவதும் நிறைந்திருக்கும். மில்லி முன்வண்டி. எங்கே சேறு, எங்கே சரிவு, எந்தப் பக்கம் திருப்புவது என்று கண்டு சொல்லவேண்டியவள் அவளே. ஓர் ஆண்டாக அவள் சொன்ன பக்கமே மற்ற இருவரும் திருப்பினார்கள். அந்தப் பெருமையை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மூவரும் தேறியிருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்தது. ஆனால் அவர்கள் பழகிய பழைய பதிப்பில் அல்ல, புதிய பதிப்பில். புதிய பதிப்பில் மூடுபனி இறங்கியது, மழை பெய்தது, மண் சரிந்தது. மில்லியின் கணினியில் அது சற்று நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு படம் திக்கத் தொடங்கும். வியாழக்கிழமைப் பயிற்சியில், ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில், அவள் லாரி நின்றது, நின்றது, பிறகு ஒரே தாவலில் பள்ளத்தில் கிடந்தது. பின்னால் வந்த இரண்டும் அதன் மேலேயே வந்து விழுந்தன.

"அண்ணி, குடும்பத்தோட குழிக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டீங்களே," என்றாள் நாத்தனார்.

"வழி அப்படித்தாம்மா போகுது."

"வழி போகுது, வண்டிதான் போகல. தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, நல்லா ஓட்டுவா. உங்க கம்ப்யூட்டர் சரியாகலைன்னா முன்வண்டிக்கு அவளைக் கேக்கட்டுமா?"

மில்லிக்குச் சுருக்கென்றது. "சனிக்கிழமை சொல்றேன்," என்றாள். அத்துடன் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

தம்பிக்கு இதில் ஐயமே இருக்கவில்லை. "அக்கா, அது கிழடு. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு மக்கர் பண்ணும். மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

"கடைக்காரன் வேற என்ன சொல்லுவான்?"

"தம்பியாச் சொல்றேன்."

"கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தினாப் போதும்னு போன மாசம் சொன்னியே, அப்ப யாராச் சொன்னே?"

தம்பி சிரித்து மழுப்பினான். ஆயினும் சனிக்கிழமை காலையில், கடையில் கேட்டுக்கொண்டு, இரண்டையும் எடுத்து வந்தான். ஒரு கையில் புத்தம்புதுக் கணினி. மறு கையிடுக்கில், திரைக்குப் படம் தீட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டின் பெட்டி. "ரெண்டையும் ஓட்டிப் பாரு. பிடிச்சதை வெச்சுக்கோ. மத்தது கடைக்குத் திரும்பிடும்," என்றான்.

முதலில் புதியதைத் தரையில் வைத்தே இணைத்தார்கள். மில்லிக்குக் கை பரபரத்தது. திரை விரிந்தவுடன் அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூடுபனிக்குள் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தேங்கிய நீரில் வானம் தெரிந்தது. அவள் திருப்பிய கணமே லாரி திரும்பியது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த கணவர் கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

"மச்சான், இவ்வளவு மழை பெய்யுதே. வீட்டுக்குள்ள ஒழுகாதே?"

"கீழ ஒரு வாளி வெச்சுடுங்க மாமா."

"இதுவே இருக்கட்டும்டா," என்றாள் மில்லி. பழைய கணினியைத் திரும்பிப் பார்க்கவும் அவளுக்கு மனமில்லை. அதை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதியதை அதன் இடத்தில் நுழைத்தாள். மேசையின் கீழே கணினிக்கென்று அவளே செய்த சிற்றலமாரி அது. விசிறி இரைகிறது என்று கணவர் ஒருமுறை முணுமுணுத்ததால், நாற்புறமும் இழைத்து அடைத்து, கம்பிகள் நுழையும் துளைக்குக்கூட ரப்பர் வளையம் கொடுத்திருந்தாள். கதவை மூடினால் கதவு எது, சட்டம் எது என்று தெரியாது.

நாத்தனார் ஹெட்போனில் வந்து சேர்ந்தாள். தம்பி தோள்பையிலிருந்த தன் மடிக்கணினியைத் திறந்துகொண்டான். மூவரும் புறப்பட்டார்கள். முதல் மேட்டை ஏறி, ஓடையைக் கடந்து, பாதி மலைவரை முன்வண்டி வழுக்கிக்கொண்டு சென்றது. மில்லி பாடாத குறைதான். அப்போது படம் திக்கியது. அதே திக்கல். லாரி நின்றது, நின்றது.

"அண்ணி?"

"திக்குதும்மா."

"புதுசும் திக்குதா?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, அது வந்து..."

"இப்ப தம்பியாச் சொல்றியா, கடைக்காரனாச் சொல்றியா?"

அவன் குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தான். குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டவன் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"அக்கா, கம்ப்யூட்டரை வெச்சிருக்கியா, அவிச்சு வெச்சிருக்கியா?"

"அதுக்குள்ளதான் விசிறி ஓடுதே."

"விசிறி ஓடுது, காத்து எங்க இருக்கு? விட்ட சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்குது. பழைய விளையாட்டு லேசு, அதனால தாங்குச்சு. இது முழு மூச்சா வேலை வாங்குது. சூடு ஏறினா எந்தக் கம்ப்யூட்டரும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும்."

மில்லிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணினியைச் சந்தேகித்தாள், தம்பியைச் சந்தேகித்தாள், தன் கண்ணையே சந்தேகித்தாள். தன் தச்சுவேலையைச் சந்தேகிக்க மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த நொடி எழுந்து கருவிப் பெட்டியை எடுத்துவந்தாள். கீல்களைக் கழற்றிக் கதவைச் சுவரோரம் சாய்த்தாள். பின்பலகை பசையிட்டு ஒட்டியது. அதைக் கழற்ற இயலாது. எனவே புதிய கணினியை வெளியே எடுத்துவிட்டு, பலகையை அறுத்தே எடுத்தாள். தம்பியின் தலையெல்லாம் மரத்தூள்.

"மெருகு போட்டு மெருகு போட்டுக் கை தேஞ்சதுன்னியே," என்றார் கணவர்.

"தேஞ்சது தேஞ்சதாவே இருக்கட்டும். அந்தப் பக்கம் பிடிங்க."

"ரெண்டையும் பாத்துடலாம்," என்று தம்பி பழைய கணினியைத் திறந்த அலமாரியில் வைத்து இணைத்தான். இப்போது அது திக்கவில்லை. ஆயினும் காட்சியின் நுணுக்கத்தைப் பெரிதும் குறைத்தால்தான் ஓடியது. பனிக்கு அப்பால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தம்பி அதைத் திறந்து, பழைய கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கி, புதிய கார்டை அழுத்திப் பொருத்தினான். பொத்தானை அமுக்கியபின் திரை இருண்டே கிடந்தது. பிறகு வெளிச்சம் வந்தது.

மூவரும் மீண்டும் புறப்பட்டார்கள். பாதி மலை வந்தது, கடந்தது. மழை பிடித்தது. மில்லி காத்திருந்தாள்; திக்கல் வரவில்லை. திருப்பத்துக்கு நெடுந்தொலைவு முன்னதாகவே, பனிக்குள் பாலத்தின் உடைந்த விளிம்பு அவள் கண்ணில் பட்டது.

"இடது. எல்லாரும் இடது பக்கம் ஒதுங்குங்க."

இரண்டு லாரிகளும் மறுபேச்சின்றி ஒதுங்கின. பாலத்தின் வலப்புறம் தன்பாட்டுக்கு இடிந்து விழுந்தது.

"அண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியலையே. எப்படிப் பாத்தீங்க?"

"பேசாம பின்னால வா. இன்னும் ரெண்டு சரிவு இருக்கு."

புதிய பதிப்பில் முதல்முறையாக மூவரும் உச்சியை அடைந்தார்கள். நாத்தனார் அங்கிருந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள். மில்லியின் உள்ளங்கைகள் ஈரமாக இருந்தன.

"அக்கா, புதுசுல இன்னும் நல்லா இருக்கும். தேங்கின தண்ணில வானமெல்லாம் தெரியும்," என்றான் தம்பி.

"சேத்துல முகம் பாத்துக்கவாடா நான் லாரி ஓட்டறேன்?"

"அது சரி. அண்ணி, அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்றாள் நாத்தனார்.

மில்லி கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளை அடுத்த போட்டிக்குக் கூப்பிடலாம்மா," என்றாள் அமைதியாக. "தம்பி, புதுசை நீ எடுத்துட்டுப் போ. நான் கார்டை மட்டும் வெச்சுக்கறேன். நாளைக்கு முன்வண்டி நான்தான் ஓட்டறேன்."