நூற்றுப் பதிமூன்றாம் கடிதம்

மருந்துக்கடை வீடும் அச்சக வீடும் நான்கு தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் பின்னிக் கிடந்தன. அந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு முழுப் பகல் வேண்டும். அச்சகத்தை இப்போது நடத்துகிறவளையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைப் பெரியவர் அவள் அம்மாவுக்குத் தம்பி, அவள் புருஷனுக்கு அப்பா. எந்த வழியில் போனாலும் மாமாதான் என்பதால் கூப்பிடுவதில் மட்டும் குழப்பமில்லை.

கடையை மகனிடம் விட்டுவிட்டு மாமா மூன்று வருஷமாக இரண்டு வீட்டு வரலாற்றையும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். வாய்க்கதை எதையும் அவர் நம்ப மாட்டார். "காகிதம் இருக்கா? இருந்தா பேசு" என்பார். காகிதத்துக்கு என்ன பஞ்சம்? வந்த கடிதம் ஒன்றைக்கூட எறியாமல் வைத்துக்கொள்வது இரண்டு வீட்டிலும் வழக்கம். அனுப்பின கடிதத்துக்கு நகல் வைப்பதுதான் கிடையாது. ஆகவே மருந்துக்கடை வீட்டு அலமாரியில் இருந்ததெல்லாம் அச்சக வீடு எழுதியது, அச்சக வீட்டு அலமாரியில் இருந்ததெல்லாம் மருந்துக்கடை வீடு எழுதியது. தன் வீடு என்ன சொன்னது என்று தெரிய வேண்டுமானால் சம்பந்தி வீட்டுக்குத்தான் நடக்க வேண்டும். மாமா நடக்கவில்லை. மூன்று வருஷத்துக்குச் சொந்த அலமாரியே தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். வீட்டுக்கு ஒன்றாக அறுநூறு பிரதி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாமா வந்து கடைசிப் புரூஃபில் கையெழுத்துப் போட்டால் மெஷின் ஓட வேண்டியதுதான். அன்று காலை அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தாள். படித்ததும் பென்சிலை மேசைமேல் எறிந்தாள்.

"அச்சக வீட்டின் மூத்த பெண், என் அண்ணனுடன் நிச்சயமான திருமணத்தைத் தன் பிடிவாதத்தால் முறித்தார். இரு வீட்டாருக்கும் நேர்ந்த ஒரே தலைகுனிவு இது." கீழே ஆதாரமாக அந்தப் பெண் எழுதிய கடிதத்தின் படம்.

அந்த மூத்த பெண் அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா. ஏதோ பழங்காலத்து ஆள் இல்லை. எழுபத்து நாலு வயதில், அச்சகத்துக்கு மேல்மாடியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறவர். நாற்பத்தொரு வருஷம் இந்த அச்சகத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர். அதை யார் நினைத்தார்கள்? இரண்டு வீட்டிலும் ஒரு பெண் எதையாவது வேண்டாம் என்று சொன்னால் போதும், "அச்சக அத்தை மாதிரி ஆயிடாதே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதுவரை அது வாய்ப்பேச்சு. ஞாயிறு முதல் அறுநூறு வீட்டில் அச்சாக உட்கார்ந்திருக்கும். அவளாக மாற்றிவிடவும் வழியில்லை. வாடிக்கையாளர் எழுத்தில் கை வைக்கக் கூடாது என்பது அச்சகத்தின் சட்டம். சட்டம் போட்டவரே அத்தைதான்.

ஆத்திரத்தில் கடிதப் படத்தை இன்னொரு முறை படித்தாள். "உங்கள் 113 கிடைத்தது. இந்தக் கல்யாணம் வேண்டாம். இனி இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்." மொத்தமே மூன்று வரி. இரண்டாவது வரியை வைத்துக்கொண்டு மாமா அரைப் பக்கம் எழுதியிருந்தார். முதல் வரியை அவர் தொடவே இல்லை. புரூஃப் பார்க்கிறவளுக்கு எண்ணைக் கண்டால் நின்று பார்க்காமல் முடியாது.

மருந்துச் சீட்டுக்கு எண் போட்டுப் போட்டுக் கை பழகிய குடும்பம் அது. சம்பந்தி வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கும் மூலையில் எண் போடுவார்கள். அப்படியென்றால் அத்தை எழுதியது பதில் கடிதம். எதற்குப் பதில்? அவள் பின்னறைக்கு ஓடி அலமாரியைத் திறந்து கட்டைப் பிரித்தாள். 111 இருந்தது, 112 இருந்தது. அடுத்தது 114.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

"அத்தை, நூத்திப் பதிமூணு எங்க?"

அத்தை டி.வி. சத்தத்தைக் குறைத்தார். கடைசி ஓவரில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "எதுக்கு?"

அவள் எண்பத்தேழாம் பக்கத்தை நீட்டினாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "மார்ஜின் சரியில்லை" என்றார். பிறகு, "எழுதிட்டுப் போகட்டும். அம்பத்திரண்டு வருஷம் காதால கேட்டாச்சு. அச்சுல பார்த்தா செத்தா போயிடுவேன்?"

"நான் செத்துப் போயிடுவேன் அத்தை. ஓடப்போறது என் மெஷின்ல."

அத்தை டி.வி.யை அணைத்தார். பிறகு எழுந்து, மேசை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார்.

"அப்பதான் உங்கம்மா அந்த வீட்டுலேர்ந்து என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தா. மூணு மாசம்கூட ஆகலை. நான் இதை வெளியே எடுத்திருந்தா, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவுல அவதான் நசுங்கியிருப்பா. அப்புறம் நீ அங்க மருமகளாப் போனே. எப்படிக் காட்டறது?"

"இப்ப?"

"உங்கம்மா போயாச்சு. அந்த மாப்பிள்ளையும் போயாச்சு. எழுதச் சொன்ன உங்க தாத்தாவும் போயாச்சு. உனக்கு அங்க ஏதும் ஆகாதுன்னா எடுத்துட்டுப் போ."

"ஆனா ஆகட்டும்" என்று அவள் உறையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

கடிதம் மூலையில் 113. "தங்கள் பெண் திருமணத்துக்குப் பின்னும் அச்சு வேலையை விடமாட்டாள் என்று கேள்வி. நாலு பேர் பார்க்க எழுத்துக் கோர்க்கும் மருமகள் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. சம்பந்தத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். எங்களால் நின்றது என்று வெளியே தெரிய வேண்டாம். பெண் மறுத்ததாகவே இருக்கட்டும்." படித்து முடித்தபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் பொங்கிற்று. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி ஐம்பத்திரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை!

நாலு மணிக்கு மாமா புதுச் சட்டையில், பேனாவும் கையுமாக வந்தார்.

"மாமா, அந்தக் காலத்துல உங்க வீட்டுக் கடிதமெல்லாம் யார் எழுதுவாங்க?"

"நான்தாம்மா. பதினாறு வயசுலேர்ந்து. அப்பா சொல்லச் சொல்ல எழுதணும். வேற யார் எழுத்தும் அவருக்குப் பிடிக்காது" என்றார் மாமா, பூரிப்போடு.

"அப்ப இது?" என்று அவள் 113-ஐ மேசைமேல் வைத்தாள். "காகிதம் இருக்கு மாமா. பேசலாமா?"

மாமா குனிந்து பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மெஷின்காரர் ஏற்கெனவே எண்ணெய் விட்ட இடத்திலேயே மறுபடியும் எண்ணெய் விட்டுக்கொண்டு காதைத் தீட்டினார்.

"நான்தான் எழுதினேன்" என்றார் மாமா கடைசியில். "மறந்துபோச்சுன்னு சொன்னா பொய். மறக்கப் பார்த்தேன். அக்கா வீட்டு அலமாரியில தேடினா இது வந்துடுமோன்னுதான் இந்தப் பக்கமே வரலை. வயசு பத்தொன்பது. கடைசி வரியை எழுதும்போதே கை கூசிச்சு. ஆனாலும் எழுதினேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை இறங்கி வந்து மாமாவுக்கு எதிரே நின்றார். மாமா சடாரென்று எழுந்தார்.

"அண்ணி..." என்றார்.

"அண்ணியும் வேண்டாம், கிண்ணியும் வேண்டாம். அந்தப் பதவியை நீயே உன் கையால ரத்து பண்ணினியே. அக்கான்னு கூப்பிடு."

மாமாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எண்பத்தேழாம் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். நின்றபடியே புதிதாக எழுதினார். திருமணத்தை முறித்தது மருந்துக்கடை வீடு, பழியைப் பெண்மேல் போட்டதும் அதே வீடு, அந்தக் கடிதத்தை எழுதிய கை இதே கை என்று எழுதினார். ஆதாரமாகப் பழைய படம் போன இடத்தில் 113. எழுதியதை அத்தையிடமே நீட்டினார். அத்தை பென்சிலை வாங்கி ஒரு சொல்லை அடித்தார்.

"'தியாகம்'னு போட்டிருக்கே. நான் தியாகமெல்லாம் பண்ணலை. எனக்கு இந்த வேலை பிடிச்சுது, பண்ணினேன். அப்படியே போடு."

அப்படியே போட்டார்கள். அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை மறுபடி அமைத்துப் புரூஃப் எடுத்து வந்தபோது மணி ஆறு. மாமா பேனாவைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, அதை அத்தை பக்கம் நீட்டினார்.

"நீங்க போடுங்கக்கா."

"புத்தகம் உன்னுது."

"இந்தப் பக்கம் உங்களுது."

அத்தை 'அச்சிடலாம்' என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. எண்பத்தேழாம் பக்கத்தின் முதல் தாள் விழுந்ததும் அத்தை மை காய்வதற்குள் அதை எடுத்து விளக்கடியில் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி ஒரு வரி விடாமல் வாசித்தார். எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அச்சகக்காரிக்குக் கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை, ஆனாலும் வாய் காதுவரை விரிந்திருந்தது.

அத்தை தாளை மடிக்காமல் மாமாவிடம் கொடுத்துவிட்டு மெஷின்காரரைப் பார்த்தார்.

"அறுநூறு பத்தாது. ஆயிரமா ஓட்டு!"