சில்லிட்ட கால்

இஸ்திரிக்காரருக்குத் திடீரென்று கடைவீதியின் மேல் காதல் வந்துவிட்டது என்று தெருவே கிண்டல் செய்தது. தேய்த்த துணிமூட்டையோடு கிளம்புகிற மனிதர் செருப்புக்கடைக் கண்ணாடி முன் நிற்பார், பாத்திரக்கடை முன் நிற்பார், போகிறவர் வருகிறவரைப் பார்த்து அசடு வழிவார். உண்மையில் வலது கெண்டைக்கால் நாலு எட்டு வைப்பதற்குள் பிடித்து இழுத்தது, நின்றால் விட்டுவிட்டது. சொன்னால் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள், அங்கே முதல் வேலையாகச் சிகரெட்டைப் பிடுங்குவார்கள். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை.

பிறகு பாதம் சில்லிட ஆரம்பித்தது. அதற்கு வைத்தியம் கையிலேயே இருக்கிறதே! வீட்டு முன்னறைதான் கடை. மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, பழைய போர்வையை மடித்துக் காலில் சுற்றி, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தார். பட்டுக்கு எவ்வளவு சூடு, பருத்திக்கு எவ்வளவு சூடு என்று பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோயே சொல்லிவிடுகிறவர், இதற்கு மட்டும் காலிடமே கேட்டார். இன்னும் போதாது என்றது கால். வைத்த பெட்டியை அவர் எடுக்கவில்லை.

"என்னங்க, எந்தத் துணி கருகுது?" என்று உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்தாள். மேசையில் துணியே இல்லை. போர்வையைப் பிரித்தவள் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோல் வெந்து துணியோடு ஒட்டியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அப்போதுதான் பயந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். இடது காலில் உடனே கிடைத்தது. வலது காலில் தேடிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை வருஷமா சிகரெட்?"

"மீசை முளைச்சதுலேருந்து" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அது ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுத்துடுச்சு, ஐயா. கொழுப்பு படிஞ்சு படிஞ்சு வழி சுருங்கிப் போச்சு. நடக்கறப்ப தசைக்கு ரத்தம் பத்தல, அதான் வலி. இப்ப சும்மா இருக்கறப்பவே பாதத்துக்கு வந்து சேரல."

"முன்னாடியே வலிச்சுதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் டாக்டரம்மாவிடம் கேட்டார்:

"கால் தப்புமா, மேடம்?"

"அடைப்பை எடுத்துப் பாக்கலாம். ஆனா பாதத்துல எவ்வளவு உயிர் மிச்சமிருக்குன்னு முதல்ல தெரியணும். கண்ணை மூடிக்கோங்க. விரலைத் தொடறப்ப சொல்லுங்க."

மூடினார். இது ஒன்றில் தேறிவிட்டால் போதும், இனிமேல் சிகரெட் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்தார். காத்திருந்தார். பக்கத்தில் மனைவி விசும்புவது கேட்டது. ஏன் அழுகிறாள் இவள், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!

"நான் தயார், மேடம். தொடுங்க" என்றார்.

"அஞ்சு விரலையும் தொட்டு முடிச்சுட்டேன், ஐயா" என்றார் டாக்டரம்மா.